ஆளில்லாத கடற்கரையில் கெஸ்ட் ஹவுஸ்: அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஜோபர்க்_தவளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் தஞ்சாவூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். பிப்ரவரி வரை இருப்பார்கள். இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் மதில் சுவரையும் மின்வேலியையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்கள்? கடல் பக்கம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.

டர்பன் கடற்கரை எனக்கு அலுத்துவிட்டது. பண்டிகை நேரத்தில் கால் வைக்க இடமிருக்காது. போதாததற்கு, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் பழுதானதிலிருந்து, தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்று விசாரித்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. எனக்கு ஆசையெல்லாம் வடக்கே, மொசாம்பிக் பக்கம். மணல்மேட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு விடுதி, இறங்கினால் கடல், கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. அப்படிப்பட்ட இடம்.

மனைவி கேட்கிறாள்: "சரி, காலையில் காபிக்குப் பால் எங்கே வாங்குவது?"

அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அம்மா சுத்த சைவம். பையன் சின்னவன். வண்டி சாதாரண கார். போய்த் தங்கியவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

மணல்வண்டி

தவளை, நீங்கள் கேட்கும் இடத்துக்குப் பெயர் கோசி பே. இன்னும் தெற்கே என்றால் மபிபி. இரண்டுமே ஐசிமங்கலிசோ பூங்காவுக்குள் வருகின்றன. 1999இல் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரியக் களங்களில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்த பூங்கா. ஹ்லுஹ்லுவேயிலிருந்து எல்லை வரை ஆர்22 நல்ல தார்ச்சாலை. அதை விட்டு இறங்கியதும் மணல் ஆரம்பிக்கும். அங்கே உங்கள் கார் போகாது. "மெதுவாக ஓட்டினால் போகுமா?" என்று கேட்காதீர்கள். மெதுவாக ஓட்டினால்தான் நிச்சயம் புதையும்.

ஃபோர்-பை-ஃபோர், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களே டயர் காற்றழுத்தத்தை ஒரு பாருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். டயர் சப்பையாகி அகலமாக உட்கார வேண்டும். திரும்பி வந்து தார்ச்சாலை ஏறும்போது காற்றடிக்க உங்களிடமே பம்பு இருக்க வேண்டும். சில விடுதிக்காரர்கள் தார்ச்சாலை ஓரத்தில் உங்கள் காரை நிறுத்தச் சொல்லி, தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்தபின் கிடைப்பது? கோசியில் நான்கு ஏரிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. முகத்துவாரத்தில் தோங்கா மக்கள் குச்சிகளை நட்டு வளைவு வளைவாக வேலி கட்டியிருப்பார்கள். மீன் கடலுக்குத் திரும்பும்போது வேலியோடு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் ஒரு கூடைக்குள் போய் மாட்டும். அந்த வேலி குடும்பச் சொத்து, அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். விடியற்காலையில் ஒரு பெரியவர் ஈட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய்க் கூடைகளைப் பார்ப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வழியெல்லாம் லாலா பனை. குட்டைப் புதராக இருக்கும். குருத்தைச் சீவிக் கள் இறக்குகிறார்கள். தஞ்சாவூர்க்காரர் என்றால் உங்கள் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லுவார், பாருங்கள்.

கருவாட்டுக்கூடை

மணல்வண்டி அண்ணன் வழக்கம்போல ஆசை காட்டிவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஒன்று, குரங்கு. விடுதி விளம்பரப் படங்களில் நீலக்கண்ணாடி போட்டவர்கள் போஸ் கொடுக்கும் அந்த மரத்தடிப் பலகை மேசை இருக்கிறதே, அது குரங்குகளுக்கான பந்தி. வெர்வெட் குரங்கு சாம்பல் நிறத்தில், கரிய முகத்தோடு, பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். என் மாமியார் புளிசாதத்தை ஒரு டப்பாவில் அழுத்தி மூடி ஜன்னல் ஓரம் வைத்தார்கள். ஒன்று உள்ளே வந்து, மூடியைப் பல்லால் கிளப்பி, ஒரு கை அள்ளி வாயில் போட்டது. கடுகும் மிளகாயும் பிடிக்கவில்லை. துப்பிவிட்டுப் போகும் என்று பார்த்தால், டப்பாவோடு மரத்தில் ஏறி அங்கிருந்து எங்கள் மேலேயே கொட்டியது. ஜன்னலைப் பூட்டாமல் குளிக்கக்கூடப் போகாதீர்கள்.

இரண்டு, தண்ணீர். ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீரோ, ஆழ்துளைத் தண்ணீரோதான் வரும். கேஸ் கீசர் காற்றடித்தால் அணைந்துவிடும். தலையில் ஷாம்பூவோடு நின்றுகொண்டு "சிலிண்டரைப் பார்" என்று கத்துவது எங்கள் வீட்டில் இன்றும் ஓடும் கதை.

மூன்றாவதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆளில்லாத இடத்தில் குடும்பச் சண்டை வந்தால் ஒதுங்க இடமில்லை. வைஃபை இல்லை, மால் இல்லை, "கொஞ்சம் கடைக்குப் போய்வருகிறேன்" என்று கிளம்ப முடியாது. மழை பிடித்துக்கொண்டால் அவ்வளவு பேரும் ஒரே அறையில்.

டர்பனுக்குச் சற்று வடக்கே பலிட்டோ ஊரில் அறை எடுங்கள். கடலும் இருக்கும், பாலும் இருக்கும்.

ஈழத்து_டாக்டரம்மா

நான் சூலுலாந்தின் வடக்கே கிராமத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவள். விடுமுறைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்படுத்த எழுதவில்லை, கவனமாகப் போங்கோ என்பதற்காக.

கோசிக்குப் பக்கத்தில் மங்குசியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. சிபாயா ஏரிப் பக்கம் என்றால் ம்செலேனி. இரண்டும் பொது ஆஸ்பத்திரிகள், உள்ள வசதிக்கு நல்லாகவே கவனிப்பார்கள். ஆனால் விடுதியிலிருந்து அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. பகலில் மணல் பாதை ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி. தார்ச்சாலை ஏறினாலும் இருட்டில் மாடும் ஆடும் சாலையிலேயே படுத்திருக்கும். நான் தைத்த காயங்களில் சுறா கடித்தது ஒன்றும் இல்லை, மாட்டில் மோதியவர்கள்தான் வந்துகொண்டே இருப்பார்கள். பொழுது பட்டபின் வண்டி ஓட்ட வேண்டாம்.

தம்பி, அப்பாவின் இன்சுலின்தான் முதலாவது. சூரிய மின்சாரத்தில் ஓடும் சின்ன ஃபிரிஜ் சில இடங்களில் இரவு நின்றுவிடும். மறுபக்கம், பழைய ஃபிரிஜ்களில் பின்சுவரோடு வைத்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்த இன்சுலினை உருக்கிப் பாவிக்கக் கூடாது. குளிர்ப்பை ஒன்று கொண்டுபோங்கோ, மருந்தை ஐஸ்கட்டியோடு ஒட்டாமல் துணியில் சுற்றி வையுங்கோ. தேவையைவிட அதிகமாக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கோ. சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க இனிப்பும் கையில் இருக்கட்டும். வெறுங்காலோடு மணலில் நடக்க விடாதீர்கள். நடுப்பகல் மணல் சுடும், சர்க்கரைக்காரருக்குக் கால் சுட்டதே தெரியாது.

அடுத்தது மலேரியா. அந்த வடமூலையில் ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் வரப்போவது மழைக்காலம். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, வலை. மாத்திரை வேண்டுமா என்று பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கோ. திரும்பி வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "அந்தப் பக்கம் போனோம்" என்று சொல்லிச் சோதிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கிடந்து, நிலைமை முற்றி வருபவர்கள்தான் எனக்குக் கவலை.

கடலைப் பற்றி ஒன்று. ரிச்சர்ட்ஸ் பேவுக்கு வடக்கே சுறா வலை கிடையாது. அதைவிட எனக்குப் பயம், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்துக் களைக்கக் கூடாது, கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். கடல் மீட்புச் சங்கத்தார் 2017 முதல் பல கரைகளில் இளஞ்சிவப்பு மிதவைகளைக் கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆளில்லாக் கரையில் அதுவும் இருக்காது. பிள்ளை முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். கைபேசியில் 112 நினைவிருக்கட்டும், ஆனால் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று போன அன்றே கண்டுபிடித்து வையுங்கோ.

மட்டுறுத்துநர்

குறிப்பிட்ட விடுதிகளின் பெயரைப் போட்டு வசை பாட வேண்டாம். இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். இடம், பாதை, வசதி பற்றிப் பேசுங்கள்.

ம்தாத்தா_வாத்தியார்

வடக்கையே பேசுகிறீர்களே, தெற்கே வைல்ட் கோஸ்ட் இருக்கிறது. எங்களைப் போல இந்தியாவிலிருந்து டிரான்ஸ்கை என்ற அந்தப் பகுதிக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர்களுக்கு விடுமுறை என்றால் காஃபி பே, ஹோல் இன் தி வால், போர்ட் செயின்ட் ஜான்ஸ்.

அங்கே தனிமை வேறு ரகம். காடு குறைவு, பச்சைப் புல்மேடு நேராகக் கடலுக்குள் இறங்கும். மேடெல்லாம் வட்டக் குடிசைகள். கெஸ்ட் ஹவுஸும் பெரும்பாலும் அதே வட்டக் குடிசைதான், ஊருக்கு நடுவிலேயே. காலையில் கதவைத் திறந்தால் கடற்கரை மணலில் மாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும்.

சைவத்துக்கும் வழி உண்டு. இடித்த சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த உம்ங்குஷோ கோசா மக்களின் அன்றாடச் சாப்பாடு. இறைச்சி எலும்பு போடாமல் செய்யச் சொல்லி முதல் நாளே கேட்டால் செய்துகொடுப்பார்கள். மேலே நாமே கொஞ்சம் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் என் மனைவிக்கு வேறொன்றும் வேண்டாம்.

குறை என்றால் சாலை. என்2 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து காஃபி பே போகும் சாலையில் பள்ளத்தைத் தவிர்க்க வண்டிகள் பாம்பு மாதிரி நெளிந்துதான் போகும். மழைக்குப் பின் ஆற்றுத்தண்ணீர் கலந்து கடல் செம்மண் நிறமாகிவிடும். போர்ட் செயின்ட் ஜான்ஸில் கலங்கிய தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். செகண்ட் பீச்சில் சுறா தாக்கி உயிர்கள் போயிருக்கின்றன.

உப்புக்காற்று

தம்பி, நான் டர்பனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தாத்தா கடற்கரையில் கரைவலை இழுத்தவர். ஜூன், ஜூலையில் சார்டீன் மீன் கூட்டம் வந்தால் தெருவே கூடையோடு கடலுக்கு ஓடும். ஆளில்லாத கடற்கரை என்று நீங்கள் எல்லோரும் இவ்வளவு ஆசையாகப் பேசும்போது எனக்கு வேறு நினைவு வருகிறது.

1953இல் நிறவெறி அரசு போட்ட தனி வசதிகள் சட்டத்தின்படி எந்தக் கரையில் யார் குளிக்கலாம் என்று பலகை நட்டிருந்தார்கள். டர்பனில் எங்களுக்கு ஒதுக்கியது பேட்டரி பீச் பக்கம். நல்ல கரை, நல்ல அலை எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம். கரைகள் எல்லோருக்கும் திறந்தது 1989இல்தான், சட்டத்தை எடுத்தது அதற்கு அடுத்த ஆண்டு. கெஸ்ட் ஹவுஸில் அறை என்ற பேச்சே எங்களுக்குக் கிடையாது. தூரப் பயணம் என்றால் தெரிந்தவர் வீடு, இல்லாவிட்டால் வண்டியிலேயே படுக்கை. அம்மா பிரியாணி அண்டாவைப் போர்வையில் சுற்றி எடுத்துவருவாள். வழியில் உட்கார்ந்து சாப்பிடக் கடை கிடைக்காது என்பதால் வந்த பழக்கம் அது. இப்போது எங்கள் பிள்ளைகள் அதைக் கேலி செய்துகொண்டே சாப்பிடுகிறார்கள்.

அதனால் பூட்டிய வாசலைத் திறந்து, "வாங்க, உங்கள் அறை இது" என்று ஒருவர் சாவி கொடுத்தால் எனக்கு இன்னும் அது பெரிய விஷயம்தான். கருவாட்டுக்கூடை சொல்வதைப் பார்த்து, வயதானவர்களுக்குத் தனிமை ஒத்துவராது என்று நினைத்துவிடாதீர்கள். கரண்டும் ஃபோனும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள்தான். என் மாமியாரை ஒரு முறை கூட்டிப்போனோம். எங்களுக்குத்தான் பொழுது போகவில்லை. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, வேலை செய்ய வந்த சூலு அம்மாவோடு பயறு ஆய்ந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஃபனகலோ என்ற கலப்புமொழி, சைகை, சிரிப்பு எல்லாம் கலந்து என்ன பேசினார்களோ, மதியம் வரை முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஆளே இல்லை" என்று பூரிக்கிறோமே, ஆள் ஏன் இல்லை? அதே ஐசிமங்கலிசோ பூங்காவுக்குள் கேப் விடால் என்ற கடற்கரை, அதற்குப் பின்னால் பங்காசி ஏரி இருக்கிறது. அங்கே வாழ்ந்த மக்களைப் போன நூற்றாண்டில் காடு வளர்ப்பு, அது இது என்று வெளியேற்றினார்கள். அவர்களின் நிலக் கோரிக்கை 1999இல் தான் ஒரு முடிவுக்கு வந்தது. நிலத்தில் திரும்பிக் குடியேறவில்லை, இழப்பீடும் பூங்கா வருமானத்தில் பங்கும் என்று ஒப்பந்தம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே போகிறேன். போகும்போது வழிகாட்டி, படகுக்காரர், காய்கறிக்காரி என்று உள்ளூர் ஆளுக்குக் காசு போகிற மாதிரி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஜோகன்னஸ்பர்க் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பெட்டியில் அடைத்துக்கொண்டு போகாதீர்கள். வழியோரத்தில் அன்னாசியும் மரவள்ளியும் நிலக்கடலையும் விற்பார்கள்.

அம்மாவின் சமையலுக்கு ஒரு குக்கர், ஒரு வாணலி வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட் ஹவுஸ் பாத்திரத்தில் எத்தனை பேர் என்னென்ன வறுத்திருப்பார்களோ. பிராய், அதாவது இறைச்சி சுடும் கம்பியைப் பார்த்தாலே உங்கள் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

மணல்வண்டி

அக்கா சொன்ன பிறகு எனக்கு வாய் அடைத்துப்போனது. ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டாம், சேர்த்துக்கொள்கிறேன்: அப்பா அம்மாவோடு, சாதாரண காரோடு என்றால் கோசி, மபிபி ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கேப் விடாலே சரி. செயின்ட் லூசியா ஊரிலிருந்து உள்ளே சுமார் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், கார் போகும் சாலை. வழியிலேயே காண்டாமிருகம், எருமை, வரிக்குதிரை. கடைசியில் காட்டு மேட்டுக்குக் கீழே மரக்குடில்கள், அதைத் தாண்டினால் கடல். முன்னால் பாறைத்திட்டு இருப்பதால் ஓரளவு அலை அடங்கியிருக்கும்.

தேதிதான் முக்கியம். டிசம்பர் பாதியிலிருந்து பள்ளி திறக்கும் வரை அங்கே தனிமை கிடையாது. மீன்பிடிக்க வருகிறவர்கள் படகு இழுத்துக்கொண்டு வந்து நிறைத்துவிடுவார்கள், வாடகையும் ஏறியிருக்கும். ஜனவரி கடைசிக்குத் தள்ளுங்கள். புழுக்கம் இருக்கும், ஒரு நாள் மழையும் கொட்டும். ஜூலையில் வந்தால் வானிலை இதைவிட அருமை, ஆனால் ஜூலையில் ஆமை இருக்காது.

கருவாட்டுக்கூடை

கேப் விடால் குரங்குகளுக்குப் புளிசாதம் பிடிக்காது என்று மட்டும் நம்பாதீர்கள்.

ஏழுவரி_ஆமை

ஆமை என்றதும் வந்துவிட்டேன். நவம்பர் முதல் ஜனவரி வரை பெருந்தலை ஆமையும் ஏழுவரி ஆமையும் இரவில் கரையேறி முட்டையிடும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை குஞ்சுகள் வெளியே வரும். ஜனவரி கடைசி என்றால் இரண்டும் கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கரையில் ஆமைகளை 1963 முதல் விடாமல் கணக்கெடுத்து வருகிறார்கள்.

தனியாக டார்ச்சோடு இறங்காதீர்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பொதுமக்கள் கடற்கரையில் வண்டி ஓட்டுவதற்கு 2002 முதல் தடை. அவர்கள் வண்டியில் போனால் அப்பா அம்மாவுக்கும் நடை மிச்சம். வெள்ளை வெளிச்சம், ஃபிளாஷ் இரண்டும் கூடாது. ஏழுவரி ஆமை குழி தோண்டும்போது பின்துடுப்பு ஒன்று மணலை அள்ளி அப்பால் வைக்கும், அப்புறம் அடுத்தது, மாறி மாறி. கை மாதிரி குழித்து அள்ளும். பையன் மறக்கவே மாட்டான். பெசன்ட் நகரில் பங்குனி ஆமை பார்த்தவர்கள்கூட இதன் அளவைப் பார்த்து மலைத்துவிடுவார்கள்.

ஜோபர்க்_தவளை

எல்லோருக்கும் நன்றி. உப்புக்காற்று அக்காவின் பதிவை அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். லாலா பனை பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா குக்கரோடு இட்லித் தட்டும் வரும் என்று சொல்லிவிட்டாள்.

முடிவு இதுதான்: ஜனவரி கடைசி வாரம், கேப் விடால். கோசி பே அடுத்த முறை, வண்டி மாற்றிய பிறகு. டாக்டரம்மா சொன்னபடி குளிர்ப்பை வாங்கியாகிவிட்டது. ஒரு சந்தேகம்: காலையில் ஜோபர்க்கில் கிளம்பினால் அன்றைக்கே உள்ளே போய்விடலாமா?

மணல்வண்டி

முயற்சி செய்யாதீர்கள். எம்கோண்டோ, பொங்கோலா வழியாக வருவீர்கள். அந்தச் சாலை முழுக்க நிலக்கரி லாரியும் மரம் ஏற்றிய லாரியும். பெரியவர்களுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி வர வேண்டும். கோடையில் பூங்கா வாசல் மாலை 7 மணிக்கு மூடிவிடும், அதற்குள் குடிலுக்கே போய்ச்சேர வேண்டும். முதல் இரவை செயின்ட் லூசியா ஊரிலேயே போடுங்கள். பாலும் காய்கறியும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பெட்ரோலும் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே நம்ப முடியாது. சாப்பிட்டுவிட்டு ராத்திரி உலாவப் போகலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அந்த ஊர்த் தெருவில் நீர்யானை மேயும்.